ஹட்ச் நாயின் மூச்சு

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் ‘பக்’ என்று இனப்பெயர் சொன்னால் சற்று யோசிப்பார்கள். ‘ஹட்ச் நாய்’ என்றால் உடனே புரிந்துவிடும். 2003இல் தொலைக்காட்சியில் வந்த ஹட்ச் செல்போன் விளம்பரத்தில், ஒரு சின்னப் பையன் எங்கே போனாலும் பின்னாலேயே ஓடிய குட்டை மூக்கு நாய் அது. அதன் பெயர் சீக்கா. விளம்பரம் வந்த பிறகு நாடு முழுக்க அந்த இனத்துக்குக் கிராக்கி ஏறியது, குட்டியின் விலையும் கூடவே ஏறியது. 2007இல் நிறுவனத்தின் பெயர் வோடஃபோன் என்று மாறியும் நாய்க்குப் பழைய பெயரே நிலைத்துவிட்டது. சின்ன வீட்டிலும் வாடகை வீட்டிலும் அடங்கிக் கிடக்கும். அதிகம் குரைக்காது. குழந்தைகளோடு ஒட்டிக்கொள்ளும், கடிப்பது அரிது. டெல்டாவின் சிறு நகரங்கள் வரைக்கும் பக் வந்து சேர்ந்ததற்கு இவ்வளவு காரணங்கள் போதும்.

வளர்ப்பவர்கள் இதைப் பற்றி ஆசையாகச் சொல்லும் ஒரு விஷயம் உண்டு. “தூங்கும்போது எங்க தாத்தா மாதிரியே கொறட்டை விடும் சார்.”

நாய்க்குக் குறட்டை இயல்பானது அல்ல. அதே தெருவில் படுத்திருக்கும் நாட்டு நாயின் அருகில் போய்க் கேட்டால் மூச்சு போவதும் வருவதும் காதில் விழாது. பக் நாயின் குறட்டை, காற்று போக வழி போதாத ஒரு தொண்டை எழுப்பும் சத்தம். இங்கிலாந்தின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுத் திணறல் தெளிவாக இருந்த குட்டை மூக்கு நாய்களின் சொந்தக்காரர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், தங்கள் நாய்க்கு மூச்சில் எந்தக் குறையும் இல்லை என்றுதான் பதில் சொன்னார்கள். “இந்த ஜாதி நாய் அப்படித்தான்” என்ற எண்ணம் அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. நோய் கண்ணெதிரே இருந்தும் கண்ணில் படாமல் போவதற்கு அந்த எண்ணம்தான் முதல் காரணம்.

உள்ளே நடப்பது என்ன? பக் நாயின் தாடையும் மூக்கெலும்பும் வளர்ச்சியில் குறுகிவிட்டன. ஆனால் அந்த எலும்புகளுக்குள் இருக்க வேண்டிய சதை அதே அளவுக்குக் குறையவில்லை. மூக்குத் துளைகள் வட்டமாகத் திறந்திருக்காமல் மெல்லிய கீற்றுகளாக ஒடுங்கியிருக்கும். மூக்கினுள் காற்றைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உள்ள எலும்புச் சுருள்கள் இடமில்லாமல் ஒன்றோடொன்று நெருங்கி வழியை அடைக்கும். மேலண்ணத்தின் பின்பகுதியான மெல்லண்ணம் நீண்டும் தடித்தும் குரல்வளையின் வாயில் தொங்கும். நாக்கும் வாய்க்கு மிஞ்சின பருமனாக இருக்கும். இந்த இடைஞ்சல்களைத் தாண்டி நுரையீரலுக்குக் காற்று போக, நாய் ஒவ்வொரு முறையும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. அந்த இழுப்பே அடுத்த கேட்டைச் செய்கிறது. குரல்வளையின் பக்கத்தில் உள்ள சிறு சதைப்பைகள் வெளியே பிதுங்குகின்றன, தொண்டைச் சதை வீங்குகிறது, வழி இன்னும் சுருங்குகிறது, நாய் இன்னும் பலமாக இழுக்கிறது. ஒரு வயதில் வெறும் குறட்டையாக இருந்தது நாலைந்து வயதில் மயங்கி விழும் அளவுக்குப் போவது இப்படித்தான்.

சில பக் நாய்கள் உட்கார்ந்தபடியே கண்ணயர்வதைப் பார்த்திருப்பீர்கள். சில நாய்கள் சுவர் விளிம்பிலோ தலையணையிலோ மோவாயை உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்கும். சில, வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டு தூங்கும். படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பத் தோன்றும் காட்சிகள்தான். ஆனால் படுத்தால் மூச்சு அடைபடுகிறது, வாயைத் திறந்து வைத்தால்தான் காற்று வருகிறது என்று அந்த நாய் தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட உபாயங்கள் அவை.

குளிர்நாட்டில் இது ஒரு நோய். நம் டெல்டாவில் இதுவே உயிராபத்து. நாய்க்கு உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். உடற்சூட்டைத் தணிக்க அதற்கு இருக்கும் பெரிய வழி இளைப்பது. ஓய்வில் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும் நாய், வெயிலில் இளைக்கும்போது 200 முறைக்கும் மேல் விடுகிறது. மூக்கின் உட்புறத்திலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. இந்த ஏற்பாடு வேலை செய்ய இரண்டு வேண்டும். ஆவியாவதற்குப் பரந்த ஈரப்பரப்பு வேண்டும், அந்த ஆவியை ஏற்றுக்கொள்ளக் காய்ந்த காற்றும் வேண்டும். பக் நாய்க்கு முதலாவது பிறவியிலேயே இல்லை. இரண்டாவதை டெல்டா தருவதில்லை. ஆறும் வாய்க்காலும் தண்ணீர் நிற்கும் வயலுமாகக் கிடக்கும் நிலம் இது, கிழக்கே கடல் வேறு. சித்திரை, வைகாசியில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும் நாட்களில் நமக்கே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அதைப் புழுக்கம் என்கிறோம். வெயிலைவிட அந்தப் புழுக்கம்தான் பக் நாயைக் கொல்கிறது. மாலை ஆறு மணிக்கு வெயில் இறங்கிவிட்டது என்று நடைக்கு அழைத்துப் போகும்போதும் காற்றில் ஈரம் அப்படியேதான் இருக்கும்.

நாயின் இயல்பான உடற்சூடு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு. அதற்கும் மேலே போனால் குடல், சிறுநீரகம், மூளை எல்லாமே கெடத் தொடங்கும். பக் நாய்க்கு இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. அடைபட்ட தொண்டையோடு இளைப்பதே பெரிய உடலுழைப்பு, அந்த உழைப்பு இன்னும் சூட்டைக் கிளப்புகிறது. தணிக்க வேண்டிய வேலையே சூட்டை ஏற்றும் வேலையாக மாறிவிடுகிறது.

மூச்சைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் எண்ணிக்கையிலும் இருக்கிறது. மேலே சொன்ன அதே ராயல் கல்லூரி 2022இல் இங்கிலாந்தின் 4,308 பக் நாய்களையும் 21,835 பிற நாய்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. குட்டை மூக்கால் வரும் மூச்சடைப்பு பக் இனத்தில் மற்ற நாய்களைவிட ஏறக்குறைய 54 மடங்கு அதிகமாக இருந்தது. கருவிழிப் புண் 13 மடங்கு, தோல்மடிப்புப் புண் 11 மடங்கு, உடல் பருமன் 3 மடங்குக்கும் மேல். உடல்நலத்தின்படி பார்த்தால் பக்கை இனி ஒரு சராசரி நாயாகவே கருத முடியாது என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோபக் குணம், காயம், இதய முணுமுணுப்பு ஆகியவை பக் இனத்தில் மற்ற நாய்களைவிடக் குறைவாகவே இருந்தன.

அடுத்துக் கண். மண்டையோடு தட்டையானதும் கண்குழியின் ஆழம் போய்விட்டது. அதனால் கண் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது, இமை முழுதாக மூடுவதில்லை. மூக்கின் மேலுள்ள தோல்மடிப்பின் முடி கருவிழியை உரசிக்கொண்டே இருக்கிறது. மற்ற நாய்க்கு நீண்ட மூக்கு முன்னே போய் ஆபத்தை அறிவிக்கும். இங்கே முதலில் போய் முட்டுவதே கண்தான். தை, மாசியில் அறுவடை நடந்து, வைக்கோல் ரோட்டோரம் காய்ந்து, காற்றெல்லாம் சுணை பறக்கும் காலத்தில் பக் வளர்ப்பவர்கள் அதன் கண்ணைத் தினமும் பார்க்க வேண்டும். கண் சிவந்திருந்தாலோ, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போய்விட வேண்டும். வீட்டில் கிடக்கும் பழைய சொட்டு மருந்தை விடவே கூடாது. புண் உள்ள கருவிழியில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து விழுந்தால் கண்ணே போய்விடலாம். அப்படி உடனே பார்க்காமல் விட்ட உரசல் நாளடைவில் கருவிழியின் மேல் கருமையாகப் படர்ந்து பார்வையை மறைக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அழகாகச் சுருண்ட அந்த வால், முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் கோணிப் பிறப்பதால் வருவது. அதே கோணல் சில நாய்களில் நடுமுதுகிலும் இருந்து, வயதானபின் பின்னங்கால்களைத் தள்ளாட வைக்கும். பின்னங்கால் முழங்கால் சில்லு அதன் பள்ளத்தை விட்டு நழுவுவது இன்னொன்று. நாய் ஓடும்போது நாலடிக்கு ஒருமுறை ஒரு காலைத் தூக்கிக் குதித்துவிட்டு மறுபடி இயல்பாக ஓடும், பிள்ளைகள் “டான்ஸ் ஆடுது” என்று சிரிப்பார்கள். குட்டிகளின் பெரிய தலையும் தாயின் குறுகிய இடுப்பும் சேர்ந்து பல பிரசவங்களை அறுவைக்குக் கொண்டுபோய்விடுகின்றன. இவற்றைவிடக் கொடியது ஒன்று உண்டு. இளம் வயதிலேயே மூளை வீங்கி, வலிப்பு வந்து, பெரும்பாலும் சில மாதங்களுக்குள் இறந்துபோகும் நோய். பக் மூளையழற்சி என்று இனத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது அது. வலிப்பு என்றதும் விஷம் தின்றுவிட்டது என்றோ டிஸ்டம்பர் தொற்று என்றோதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த நோயின் தொடர்பு 12ஆம் குரோமோசோமில், நோயெதிர்ப்பை நடத்தும் மரபணுக்கள் உள்ள பகுதியில் கண்டறியப்பட்டுள்ளது. அந்தப் பகுதியின் ஒரு குறிப்பிட்ட வகையைத் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பெற்ற நாய்க்கு ஆபத்து பல மடங்கு.

இந்த நோய்களையெல்லாம் ஒரே கூடையில் போட்டு ‘பரம்பரை நோய்’ என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, நாம் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த உருவமே நோயாக இருப்பது. தட்டை முகம்தான் மூச்சடைப்பு, துருத்திய கண்தான் கருவிழிப் புண், சுருள் வால்தான் கோணிய முதுகெலும்பு. இந்த நோயை எடுத்துவிட்டு உருவத்தை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. மற்றொன்று யாரும் கேட்காமலேயே கூட வந்தது. மூளையழற்சி போன்றவை இந்த வகை. மிகச் சில முன்னோர்களிடமிருந்தே ஓர் இனம் முழுவதையும் பெருக்கியதால், மறைந்து கிடந்த கேடுகள் இரட்டையாகச் சேர்ந்து வெளிப்பட்டவை. முதல் வகைக்கு மருந்து, நம் ரசனை மாறுவது. இரண்டாவதற்கு மருந்து, புது ரத்தம்.

பக் எப்போதும் இப்படி இருந்ததில்லை. சீனத்தில் அரண்மனை நாயாக இருந்த இனம் டச்சு வணிகர்களின் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போனது. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் வைத்திருந்தார்களே, அந்த டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் காலம் அது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745இல் தன் பக் நாயோடு தன்னையும் சேர்த்து வரைந்த ஓவியம் லண்டனில் இருக்கிறது. அந்த நாய்க்கு மூக்கு நன்றாகவே முன்னால் நீண்டிருக்கிறது. 1873இல் இங்கிலாந்தில் கென்னல் கிளப் தொடங்கியது. இனங்களுக்குப் பதிவேடு வந்தது, பதிவேட்டில் இல்லாத நாயோடு சேர்க்கக் கூடாது என்ற வேலியும் வந்தது. கண்காட்சியில் பரிசு வாங்கிய கடுவனுக்கே எல்லோரும் தங்கள் பெட்டையைக் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் அதிகம் தட்டையான முகத்துக்கே பரிசு. 2008இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, இங்கிலாந்தில் இருந்த ஏறக்குறைய 10,000 பக் நாய்களின் மரபணு வேறுபாடு வெறும் 50 நாய்களுக்கு உரிய அளவுதான் இருந்தது.

டெல்டாவில் வளர்ந்தவனாக நான் இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘ப்யூர் பிரீட்’ என்ற சொல்லுக்கு நம்மிடம் இவ்வளவு மரியாதை இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. நாம் நெல் விளைவிப்பவர்கள். 1922இல் ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்ததிலிருந்து, சுத்தமான விதைதான் நல்ல விளைச்சல் என்பதை இந்த மண் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்று படிப்படியாகப் பெருக்குகிறோம். விதைப்பண்ணையில் இறங்கிக் கலவன் எடுக்கிறோம். உயரம் மாறின கதிர் ஒன்று தெரிந்தாலும் பிடுங்கிப் போடுகிறோம். அந்தப் பழக்கம் உள்ளவன் நாய்க்குட்டி வாங்கப் போனால் “கலப்பு இல்லியே?” என்றுதான் முதலில் கேட்பான்.

ஆனால் நெல் தன் மகரந்தத்தால் தானே சூல் கொள்ளும் பயிர். நெற்பூ காலையில் கொஞ்ச நேரமே திறக்கிறது. திறக்கும்போதே அதன் மகரந்தம் அதன் சூல்முடியிலேயே விழுந்துவிடும். அயல் மகரந்தம் சேர்வது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பல்லாயிரம் ஆண்டுகளாகத் தனக்குள்ளேயே சூல் கொண்டு வந்த பயிர் அது. மறைந்திருந்த கேடான மரபணுக்கள் எப்போதோ இரட்டையாகச் சேர்ந்து, அந்தச் செடிகள் முளைக்காமலோ பூக்காமலோ ஒழிந்து போயின. மிஞ்சியிருப்பது சுத்தமாக இருந்தாலும் நோயில்லாமல் இருக்கத் தெரிந்த வகை.

நாய் அப்படி அல்ல. மனிதனைப் போல, மாட்டைப் போல, அயல் ரத்தம் கலந்தே வாழ்ந்துவந்த உயிர். ஒவ்வொரு நாயும் சில கேடான மரபணுக்களை ஒற்றைப் பிரதியாகச் சுமந்துகொண்டுதான் திரிகிறது. இணைப்பிரதி நல்லதாக இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனையும் தங்கையையும் சேர்த்தால், அல்லது தகப்பனை மகளோடு சேர்த்தால், குட்டியின் மரபணுக்களில் சராசரியாக நாலில் ஒரு பங்கு இடங்களில் ஒரே முன்னோரின் ஒரே பிரதி இரண்டு பக்கமும் வந்து உட்கார்ந்துவிடும். மறைந்திருந்தது அப்போது வெளிவரும். நெல்லில் சுத்தம் என்பது நெடுங்காலமாகச் சலித்தெடுத்த பலன். நாயில் சுத்தம் என்பது சலிக்காமலே மூட்டையைக் கட்டியது. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு ஏமாந்து போகிறோம்.

நெல்லிலும்கூட நாம் வேலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் சம்பா வயல்களில் நன்றாகப் பழகிய சி.ஆர். 1009 ரகம் ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மூழ்கினால் அழுகிப்போகும். ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற பழைய நெல்லில், இரண்டு வாரம் வரை நீரில் மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கும் சப்-1 மரபணு இருந்தது. அந்த ஒரு மரபணுவைக் கலப்பின் மூலம் கொண்டுவந்து, பிறகு தலைமுறைக்குத் தலைமுறை சி.ஆர். 1009 ரகத்தோடே திரும்பத் திரும்பச் சேர்த்து, பார்வையிலும் அரிசியிலும் பழைய ரகமாகவே இருக்கும் சி.ஆர். 1009 சப்-1 உருவானது. அதை யாரும் கலப்பட நெல் என்று ஒதுக்கவில்லை.

நாயிலும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். டால்மேஷன் இன நாய்கள் எல்லாவற்றுக்கும் சிறுநீரில் யூரிக் அமிலம் மிகுந்து கல் உண்டாகும் குறை இருந்தது. இனத்துக்குள் தேடினால் குறையில்லாத ஒரு நாய்கூடக் கிடைக்காத நிலை. அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் 1973இல் ஒரு டால்மேஷனை ஒரே ஒரு முறை பாயின்டர் இன நாயோடு சேர்த்தார். அதன்பின் ஒவ்வொரு தலைமுறையையும் டால்மேஷனோடே சேர்த்து வந்தார். நல்ல மரபணு திரும்பக் கிடைத்தது, புள்ளிகளும் அப்படியே இருந்தன. அமெரிக்கக் கென்னல் கிளப் அந்த வழித்தோன்றல்களைப் பதிவேட்டில் ஏற்றுக்கொள்ள 2011 வரை ஆனது. அறிவியலுக்கு ஆன காலத்தைவிடச் சம்மதத்துக்கு ஆன காலம்தான் அதிகம். ஜெர்மனியில் இப்போது பக்கை ஜாக் ரஸ்ஸல் வகை டெரியரோடு கலந்து, சற்று நீண்ட மூக்குள்ள ‘ரெட்ரோ’ பக் நாய்களை வளர்க்கிறார்கள். ஹோகார்த் ஓவியத்து நாயை நோக்கி ஓரிரு அடி திரும்பி நடப்பது போன்ற வேலை அது.

சிறு நாய் எல்லாமே இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. உருவம் சிறிதாவதே நோய் அல்ல. சிறிய நாய்களின் உருவத்தில் பெரும் பங்கு வகிக்கும் ஐ.ஜி.எஃப்.-1 மரபணு மாற்றம், சைபீரியாவில் கிடைத்த 54,000 ஆண்டு பழமையான ஓநாயிலேயே இருந்தது என்று 2022இல் கண்டறிந்தார்கள். நம் தெருக்களில் பக்கைவிட அதிகம் தென்படும் வெள்ளை ஸ்பிட்ஸை நாம் பொமரேனியன் என்று அழைக்கிறோம். அதற்குத் தேவையான மூக்கு இருக்கிறது, வெயிலையும் ஓரளவு தாங்குகிறது. ஆனால் சில்லு நழுவுதலும், வயதானபின் இதய வால்வுக் கோளாறும், மூச்சுக்குழாய் தளர்ந்து தட்டையாவதும் அதற்கும் வரும். அந்த வறட்டு இருமலைக் கேட்டு “எலும்பு தொண்டையில மாட்டிக்கிச்சு டாக்டர்” என்று தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். பல்லும் ஒரு தொல்லை. அல்சேஷனுக்கும் 42 பல், சின்னத் தாடை உள்ள குட்டி நாய்க்கும் 42 பல். இடமில்லாமல் நெருங்கி, பால்பல்லும் விழாமல் நின்று, சீக்கிரமே காரை பிடித்துச் சீழ் கோக்கும். டாஷண்டின் நீள முதுகும் குட்டைக் காலும் மறுபடி பக் கதைதான். கால் எலும்பைக் குறுக்கும் அதே மரபணுக் கோளாறின் ஒரு வடிவம் முதுகுத் தட்டுகளை இளவயதிலேயே இறுகிப்போகச் செய்கிறது. ராஜபாளையம் போன்ற நம் நாட்டு இனத்திலும் தூய வெள்ளை நிறத்தையே விரட்டிப் போனதன் விலையாகப் பிறவிச் செவிடு தொடர்கிறது. சீமை நாய் கெட்டது, நாட்டு நாய் நல்லது என்ற முடிவுக்கு நான் வரவில்லை. ஒற்றைக் குணத்துக்காக வேலி போட்டு அடைத்தால் எந்த இனத்துக்கும் இதுதான் கதி.

சட்டம் இதில் இப்போதுதான் கால் வைத்திருக்கிறது. 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், குட்டி பெருக்கி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, 18 மாதம் நிரம்பாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது என்கின்றன. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் பக்கையும் சேர்த்தது. வளர்ப்போர் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பட்டியலின் நோக்கத்தோடு நான் உடன்படுகிறேன். ஆனால் பெயரைச் சொல்லித் தடுப்பதை மட்டும் நம்பினால் வியாபாரம் கொல்லைப்புறத்துக்குப் போகும். அங்கே தாயும் தந்தையும் யாரென்றே தெரியாத குட்டிகள்தான் கிடைக்கும். நெதர்லாந்து வேறு வழியில் போனது. மூக்குப் பகுதி மண்டையோட்டின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அளவுகோலையே வைத்துவிட்டது. இனத்தின் பெயரைப் பார்க்காமல் நாயின் மூச்சைப் பார்க்கும் சட்டம்தான் நிற்கும்.

அதற்கு வேண்டியது பதிவு. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் கே.சி.ஐ. பேப்பர் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பேப்பர் பாட்டன் முப்பாட்டன் பெயரைச் சொல்லும், பாட்டனுக்கு மூச்சு எப்படி இருந்தது என்று சொல்லாது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இதே தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னர், தன் தன்வந்திரி மகாலில் கண் நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் விவரங்களைப் படங்களோடு ஆள் ஆளாக எழுதி வைத்தார். சரசுவதி மகால் நூலகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அவர் தன் காதலி முக்தாம்பாளின் பெயரில் சத்திரம் எழுப்பிய ஒரத்தநாட்டில் 2012 முதல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. டெல்டாவில் பிறக்கும் ஒவ்வொரு பக் குட்டியின் தாய், தந்தை, மூச்சுத் தரம், கண், முழங்கால் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் ஏற்றத் தொடங்க இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

பெரிய கருவிகளும் வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வகுத்து, இங்கிலாந்து கென்னல் கிளப் 2019 முதல் நடத்திவரும் பரிசோதனைக்கு ஒரு ஸ்டெதஸ்கோப் போதும். நாயின் தொண்டையில் வைத்துக் கேட்பார்கள். பிறகு மூன்று நிமிடம் வேகநடை நடத்திவிட்டு மறுபடி கேட்பார்கள். 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள். 3 வந்தால் அந்த நாயிடமிருந்து குட்டி எடுக்கக் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் பக் இருப்பவர்கள் கலங்க வேண்டியதில்லை, ஆனால் கவனமாக இருக்க வேண்டும். முதலில் எடை. ஆறிலிருந்து எட்டு கிலோவுக்குள் நிறுத்துங்கள். தொண்டையில் படியும் கொழுப்பு, ஏற்கெனவே குறுகிய வழியை மேலும் அடைக்கும். சோறு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு அதிகம் என்று 2013இல் கண்டறியப்பட்டது. மனிதனோடு விவசாயத்துக்கு வந்த உயிர் அது, அரிசி அதற்கு விஷமில்லை. ஆனால் மூன்று வேளையும் பால்சோறும், நடுவில் பிஸ்கட்டும், வருகிறவர்கள் கொடுக்கும் முறுக்கும் சேர்ந்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்? சோற்றைக் குறைத்து முட்டையும் வேகவைத்த கோழியும் மீனும் முள்ளில்லாமல் கொடுங்கள். கழுத்துப்பட்டையை விட்டு மார்புப்பட்டைக்கு மாறுங்கள். நடை விடியற்காலையில் மட்டும். முகமடிப்பைத் தினம் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். மூக்குத் துளையை அகலப்படுத்தி, மெல்லண்ணத்தை வெட்டிக் குறைக்கும் அறுவை உண்டு. தேவை என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாமல் இளவயதிலேயே செய்துவிடுவது நல்லது. நாக்கு நீலம் பாய்ந்தாலோ, நாய் தள்ளாடி விழுந்தாலோ முதலில் அங்கேயே சாதாரணத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைக்கும்.

இனிமேல் குட்டி வாங்கப் போகிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் எந்த வழியில் சொந்தம் என்று கேளுங்கள். மூக்குத் துளை திறந்திருக்கிறதா, முகத்துக்கு முன்னால் மூக்கென்று ஒன்று நீண்டிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். தாயை மூன்று நிமிடம் நடத்திக் காட்டச் சொல்லி, பேச்சை நிறுத்திவிட்டு அதன் மூச்சைக் கேளுங்கள். சத்தம் கேட்டால் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள். வாங்குவார் இல்லை என்று தெரிந்தால்தான் அந்தத் தாயிடம் மறுபடி குட்டி எடுக்க மாட்டார்கள்.